புல எண் இல்லாத ஆட்சேபணை: தேசியப் பூங்காத் திட்டமிடலில் ஊராருக்கு என்ன இடம்?

கேள்வி – 3 ஜூன் 2024

"எங்கள் ஊர் தமிழ்நாட்டில் ஒரு தேசியப் பூங்காவை ஒட்டி இருக்கிறது. பூங்காவைச் சுற்றிச் சூழல் உணர்திறன் மண்டலம் அமைக்க வரைவு அறிவிக்கை வந்துவிட்டதாகவும் 60 நாட்களுக்குள் ஆட்சேபணை சொல்லலாம் என்றும் பேசிக்கொள்கிறார்கள். முடிவை எடுத்துவிட்டுக் கேட்கும் வெறும் சடங்கு இது என்பது என் எண்ணம். யாராவது எழுதிப் போட்டு ஒரு வரியாவது மாறியது உண்டா?"

4 ஜூன் 2024

உண்டு. எங்கள் பக்கத்துப் பூங்காவிற்கான வரைவில் ஒரு வருவாய்க் கிராமம் வேறு வட்டத்தின் கீழ் அச்சாகியிருந்தது. அதே பெயரில் இரண்டு கிராமங்கள் இருந்ததால் வந்த குழப்பம். இறுதி அறிவிக்கையில் அது சரிசெய்யப்பட்டு வந்தது. எங்கள் பகுதியிலிருந்து போன கடிதங்களில் அந்த ஒன்றில்தான் புல எண்களும் (சர்வே எண்கள்), கிராமத்தின் நிலக் கணக்கான 'அ' பதிவேட்டு நகலும், நிலத்தின் அளவு வரைபடமான புலப்படமும் இணைக்கப்பட்டிருந்தன. "வாழ்வாதாரத்தைப் பறிக்காதே" என்று பல பேர் கையெழுத்திட்ட மனுக்கள் எந்த மாற்றத்தையும் கொண்டுவரவில்லை. இதை வைத்து அரசு நல்லது என்றோ கெட்டது என்றோ நான் சொல்ல வரவில்லை. தில்லியில் அந்தக் கோப்பைப் பார்ப்பவருக்கு எதை மாற்றுவது என்று தெரிந்தால்தான் மாற்ற முடியும்.

சட்ட நிலை இதுதான். 1986 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அமைச்சகம் முதலில் வரைவை அரசிதழில் வெளியிட வேண்டும். அரசிதழ்ப் படிகள் பொதுமக்களுக்குக் கிடைக்கும் நாளிலிருந்து 60 நாட்கள் வரை யார் வேண்டுமானாலும் எழுத்தில் ஆட்சேபணையோ ஆலோசனையோ அனுப்பலாம். நிலம் வைத்திருப்பவர்தான் எழுதலாம் என்ற கட்டுப்பாடு கிடையாது. இறுதி அறிவிக்கையை வெளியிட முன்பெல்லாம் 365 நாள் வரம்பு இருந்தது, பின்னர் அது 725 நாட்களாக நீட்டிக்கப்பட்டது.

5 ஜூன் 2024

பின்னூட்டங்களில் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகத்தின் வெளிவட்டம், சூழல் உணர்திறன் மண்டலம் ஆகிய நான்கையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டு பேசுகிறார்கள். நான்கும் ஒரே ஊரின் தலைமேல் வந்து விழலாம் என்றாலும், ஒவ்வொன்றுக்கும் சட்டம் வேறு, கேள்வி கேட்க வேண்டிய இடமும் வேறு.

பூங்காவையே புதிதாக அறிவிப்பது 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 35ஆவது பிரிவின்படி நடக்கும். மாநில அரசு முதலில் தன் எண்ணத்தை மட்டுமே அறிவிக்கும். பிறகு மாவட்ட ஆட்சியர் சுற்றுப்புற ஊர்களில் வட்டார மொழியில் பிரகடனம் வெளியிட்டு, உரிமை கோருவோர் இரண்டு மாதங்களுக்குள் எழுத்தில் கோர வேண்டும் என்று அழைப்பார். சரணாலயமாக இருந்தால், தலைமை வன உயிரினக் காப்பாளரைக் கலந்து, ஓர் உரிமையைத் தொடர விடவும் ஆட்சியருக்கு 24ஆவது பிரிவு வழி கொடுத்திருக்கிறது. தேசியப் பூங்காவுக்கு அந்த உட்பிரிவு மட்டும் பொருந்தாது என்று 35ஆவது பிரிவு வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. கால்நடை மேய்ச்சலும் அப்படியே: சரணாலயத்தில் ஒழுங்குபடுத்தலாம், தேசியப் பூங்காவில் அறவே கூடாது. ஆகவே "சரணாலயம்தானே, நாளைக்குப் பூங்காவாக உயர்த்தினால் என்ன?" என்று எளிதாகக் கேட்பவர்கள், ஆடு மாடு வைத்திருப்பவரிடம் அதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்.

சூழல் உணர்திறன் மண்டலம் பட்டாவைத் தொடுவதில்லை. விவசாயம் தொடரும், வீடு இருக்கும், விற்கலாம், வாங்கலாம். வழக்கமாகத் தடை செய்யப்படுபவை வணிகக் கல்குவாரி, சுரங்கம், கல் உடைக்கும் ஆலை, மாசுபடுத்தும் தொழிற்சாலை, புதிய மர அறுவை மில் போன்றவை. பூங்கா எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய வணிக விடுதி கட்டவும் இடம் இருக்காது. பட்டா நிலத்து மரத்தை வெட்டவும், பெரிய கட்டடம் எழுப்பவும் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். எங்கள் பகுதியில் முதலில் உரக்கக் கத்தியவர்கள் குவாரிக்காரர்களும் விடுதிக்காரர்களும்தான். அவர்கள் ஏற்பாடு செய்த வாகனத்தில் ஏறிப் போய் முழக்கமிட்டவர்களோ அரை ஏக்கர் வாழைக்காரர்கள்.

9 ஜூன் 2024

"வரைவை எப்படிப் படிப்பது?" என்று கேட்டவருக்கு: கடைசியிலிருந்து படியுங்கள். முன்பகுதியில் பூங்காவின் தாவரம், விலங்கு, பறவைகளின் பெயர்கள் பத்தி பத்தியாக வரும்; உங்கள் ஊருக்கு வேண்டியது பின்னிணைப்புகளில் இருக்கிறது. எல்லை விவரிப்பு, வரைபடம், எல்லைப் புள்ளிகளின் அட்சரேகை தீர்க்கரேகை அட்டவணை, மண்டலத்துக்குள் வரும் கிராமங்களின் பட்டியல் ஆகியவை அங்கேதான் இருக்கும்.

வரைவு இந்தியிலும் ஆங்கிலத்திலும் வருவது பெரிய தடைதான். 2020ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் வெளியிடச் சொல்லி தில்லி உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு ஜூன் 30 அன்று உத்தரவிட்டது. ஆனால் பூங்காவுக்குப் பூங்கா வரும் சிறிய வரைவுகளுக்கு யார் வழக்குப் போடுவது? எண்களுக்கு மொழி இல்லை என்பதால் புள்ளி அட்டவணையிலிருந்து தொடங்கலாம். அட்டவணையின் முதல் புள்ளியைக் கைப்பேசி வரைபடத்தில் இட்டு, அது உண்மையில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். எங்கள் வரைவில் ஒரு புள்ளி ஊர்க் குளத்தின் நடுவே விழுந்தது. அடுத்தது குளத்துக்கு மேற்கே, யாரோ ஒருவரின் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால். எல்லை விவரிப்போ "ஓடையின் வடகரையை ஒட்டி" என்று சொல்கிறது. ஓடை அங்கிருந்து நல்ல தொலைவு. விவரிப்பும் புள்ளிகளும் ஒன்றோடொன்று பொருந்தாத இத்தகைய இடங்கள்தான் ஆட்சேபணைக்கு உகந்தவை, ஏனெனில் இரண்டில் ஒன்றை அவர்கள் மாற்றியே தீர வேண்டும்.

9 ஜூன் 2024, இரவு

ஓர் எச்சரிக்கை. அட்டவணையில் எண்கள் பாகை, கலை, விகலையாக இருக்கும். கைப்பேசியோ தசம எண்ணைக் கேட்கும். 11 பாகை 34 கலை என்பது 11.34 ஆகாது, 11.567 ஆகும். ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர் என்பதால் இந்த ஒரு பிசகில் எல்லை 25 கிலோமீட்டர் நகர்ந்துவிடும். எங்கள் ஊர் இளைஞர் ஒருவர் அப்படிப் போட்டுப் பார்த்து, மண்டலம் கடைவீதி வரைக்கும் வந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் அனுப்ப, மறுநாள் காலையில் கிராம நிர்வாக அலுவலர் அலுவலகத்தில் நின்ற கூட்டத்தைக் கலைக்க மதியம் ஆயிற்று. கலைந்தவர்களில் பாதிப் பேர் இன்னும் நம்பவில்லை.

16 ஜூன் 2024

"மண்டலமே வேண்டாம் என்று எழுதினால் என்ன?" என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். எழுதலாம். ஆனால் மண்டலம் அறிவிக்கப்படாத பூங்காவுக்குக் கட்டுப்பாடே இல்லை என்று நினைக்க வேண்டாம். உச்ச நீதிமன்றத்தின் 2006 டிசம்பர் 4 உத்தரவிலிருந்து, அறிவிக்கப்படாத இடங்களில் 10 கிலோமீட்டருக்குள் வரும், சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படும் திட்டங்கள் தேசிய வன உயிரின வாரியத்தின் நிலைக்குழுவுக்குப் போக வேண்டியிருக்கிறது. 2022 ஜூன் 3 அன்று எல்லாப் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கும் குறைந்தது ஒரு கிலோமீட்டர் மண்டலம் என்று அதே நீதிமன்றம் சொன்னது. கேரளாவிலும் நீலகிரியின் கூடலூர்ப் பக்கத்திலும் எழுந்த எதிர்ப்பு நினைவிருக்கும். 2023 ஏப்ரல் 26 அன்று அந்தப் பொது அளவு தளர்த்தப்பட்டது. ஆனால் ஒரு கிலோமீட்டருக்குள் சுரங்கம் கூடாது என்பது அப்படியே நிற்கிறது.

இங்கே கேரளாவில் நடந்ததைக் கவனிப்பது நல்லது. 2022 டிசம்பரில் செயற்கைக்கோள் படத்தைக் கொண்டு கட்டடங்களைக் கணக்கெடுத்து அரசு வெளியிட்டது. மர நிழலில் இருந்த வீடுகள் பல படத்தில் விழவில்லை. மக்கள் கொதித்தார்கள், ஊராட்சிகளில் உதவி மையங்கள் திறக்கப்பட்டன, நேரில் சரிபார்க்க ஆட்கள் அனுப்பப்பட்டார்கள். விடுபட்டதைச் சுட்டிக் காட்ட முடிந்தது, சுட்டுவதற்கு ஒரு படம் கையில் இருந்ததால்தான். நம் பக்கத்தில் படம் வெளிவருவதற்கு முன்பே ஊர்வலம் கிளம்பிவிடுகிறது.

18 ஜூன் 2024

ஒருவர் பெருமையோடு, தாம் ஆண்டுதோறும் யானைக் கணக்கெடுப்பிலும் பறவைக் கணக்கெடுப்பிலும் தன்னார்வலராகப் போவதால் பூங்காத் திட்டமிடலில் ஏற்கெனவே பங்கேற்பவர் என்று எழுதியிருக்கிறார். கணக்கெடுப்புக்குப் போவது நல்லதுதான். காட்டைக் காலால் அறிய வேறு வழியில்லை. ஆனால் பந்தியில் இலை போட்டவரைக் கல்யாணத்தை நிச்சயித்தவர் என்று யாரும் சொல்வதில்லை.

23 ஜூன் 2024

இப்போது நான் உண்மையில் பேச விரும்பிய காகிதத்துக்கு வருகிறேன்: மேலாண்மைத் திட்டம். பூங்காவுக்குள் எந்தப் பாதையில் சுற்றுலா வண்டி போகும், எங்கே தீத்தடுப்புக் கோடு வெட்டுவார்கள், எந்த ஓடையில் தடுப்பணை வரும், எந்தக் களைச்செடியை எந்த ஆண்டு அகற்றுவார்கள் என்பதெல்லாம் பெரும்பாலும் பத்தாண்டுகளுக்கு எழுதப்படும் அந்தத் திட்டத்தில் இருக்கிறது. புலிகள் காப்பகமாக இருந்தால் அதற்குப் பெயர் புலிகள் பாதுகாப்புத் திட்டம். வரைவு அறிவிக்கைக்கு ஊரே திரள்கிறது. அன்றாடம் நம்மைத் தொடுகிற இந்தத் திட்டம் எழுதப்படும்போது ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை.

நான் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஓர் அலுவலகத்தில் கேட்டேன். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய மனு. 30 நாட்களுக்குள் வர வேண்டிய பதில் தாமதமாக வந்தது, அதுவும் "ஆவணம் இரகசியத் தன்மை உடையது" என்ற ஒரே வரியில். மேல்முறையீட்டில், சட்டத்தின் 10ஆவது பிரிவைக் காட்டி, வேட்டைக்காரர்களுக்கு உதவக்கூடிய இடங்களை மறைத்துவிட்டு மீதியைத் தரலாமே என்று எழுதிய பிறகு, பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கட்டச் சொல்லிக் கட்டு வந்து சேர்ந்தது. கேமரா வைத்த இடங்களின் பட்டியலும் ரோந்துப் பாதைகளும் மையால் மறைக்கப்பட்டிருந்தன. அது நியாயம்தான்.

படித்துப் பார்த்தபோது எங்கள் ஊரின் பெயர் "உயிரியல் அழுத்தம்" என்ற தலைப்பின் கீழ் மட்டுமே வந்திருந்தது: விறகு, மேய்ச்சல், தீ. கோபம் வந்தது. ஆனால் அடுத்த அத்தியாயத்தில் உண்ணிச்செடி பரவியதால் புல்வெளி சுருங்கியதைப் பற்றி எழுதியிருந்தவை எங்கள் பெரியவர்கள் திண்ணையில் சொல்வதேதான். எந்தச் சரிவில் முன்பு கோரைப்புல் இருந்தது, எந்த ஆண்டுத் தீக்குப் பின் உண்ணிச்செடி ஏறியது என்பதை அவர்கள் இடம் சொல்லிச் சொல்வார்கள். திட்டத்தில் இடத்தின் பெயர் இல்லை, "பரவலாக" என்ற சொல்தான் இருந்தது. அன்றிலிருந்து என் எண்ணம் கொஞ்சம் மாறியிருக்கிறது. ஆட்சேபணை எழுதுவதைவிட, திட்டத்தில் விடுபட்ட ஒரு விவரத்தை எழுதிக் கொடுப்பது பயன் தரக்கூடும். அடுத்த திட்டம் தயாராகும் ஆண்டு எது என்பது பழைய திட்டத்தின் அட்டையிலேயே இருக்கிறது. அதற்கு ஓராண்டு முன்பே களத்தில் உள்ள வனச்சரகரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும்.

இதற்குச் சட்டத்திலும் ஒரு பிடி இருக்கிறது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 ஆம் ஆண்டு திருத்தத்தின்படி, சரணாலயம் பழங்குடியினருக்கென அரசியலமைப்பின்படி குறிக்கப்பட்ட அட்டவணைப் பகுதியிலோ 2006 வன உரிமைச் சட்டம் பொருந்தும் பகுதியிலோ இருந்தால், கிராம சபையைக் கலந்த பிறகுதான் மேலாண்மைத் திட்டத்தைத் தயாரிக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி எதுவும் இல்லை. ஆகவே நமக்குப் பிடி இரண்டாவது பாதியில்தான் இருக்கிறது. புலிகள் காப்பகத்தின் வெளிவட்ட எல்லைக்கும் அதே சட்டத்தின் 38வி பிரிவு கிராம சபையோடு கலந்தாலோசிக்கச் சொல்கிறது.

25 ஜூன் 2024

"கிராம சபையில் போட்டால் போதுமா?" என்ற கேள்விக்கு நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. குடியரசு தினம், தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 என்று நம் கிராம சபைகளுக்கு நாட்கள் உண்டு. உங்கள் 60 நாட்கள் ஆகஸ்டு 15க்கு முன்பே முடிந்துவிடுமானால், ஊராட்சித் தலைவரிடம் சிறப்புக் கூட்டம் கேட்க வேண்டும். கூட்டத்தில் பேசியது பயன்படாது. தீர்மானப் புத்தகத்தில் எழுதியதுதான் நிற்கும். நான் பார்த்த ஒரு கூட்டத்தில், ஒரு மணி நேரம் காரசாரமாகப் பேசினார்கள். பிறகு புத்தகத்தில் ஏறிய வரி: "வனத்துறை தொடர்பாக விவாதிக்கப்பட்டது." அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? தீர்மானத்தின் வாசகத்தை முன்பே எழுதி எடுத்துச் செல்லுங்கள். கிராமத்தின் பெயர், புல எண், என்ன மாற்றம் வேண்டும், ஏன் வேண்டும் என்று நான்கு வாக்கியம் போதும்.

வன உரிமைச் சட்டத்தின் கீழ்க் கூட்டப்படும் சபைக்கு வரம்பு வேறு: உறுப்பினர்களில் பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினராவது பெண்களாக இருக்க வேண்டும். பெண்கள் வந்திருந்த கூட்டத்தில்தான், சுள்ளி பொறுக்கும் பாதை எது, தண்ணீர் எடுக்கும் ஊற்று எது என்ற விவரங்கள் எங்களுக்குத் தெரிய வந்தன. ஆண்கள் பட்டாவைத் தாண்டிப் பேசவில்லை.

2 ஜூலை 2024

இராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஒருவர் மடக்கிவிட்டார்: "புல எண், புல எண் என்கிறீர்களே, கடலுக்குப் புல எண் ஏது?" நல்ல கேள்வி. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றியுள்ள ஆழமற்ற நீரையும் கொண்டது. அதன் எல்லை ஆழத்தால் குறிக்கப்பட்டிருக்கிறது: கரைப் பக்கம் மூன்றரைப் பாகம், கடல் பக்கம் ஐந்து பாகம். பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம், ஏறத்தாழ ஆறு அடி; அது மீனவர் கைக்கணக்கு என்பதால், வனத்துறை அதிகாரியைவிட வலைக்காரருக்கு இந்த எல்லை நன்றாகப் புரிய வேண்டும். சிக்கல் என்னவென்றால், மணல் நகர்ந்தால் ஆழம் மாறும், ஆழம் மாறினால் எல்லை எங்கே என்று வழக்கு வரும். தீவுகளே கரைந்துகொண்டிருக்கும் கடல் அது.

கரையோரமாக நாட்டின் ஆட்சிக்கு உட்பட்ட கடற்பகுதியைச் சேர்க்கும்போது, கடற்படையின் தலைமை நீர்வரைவியலாளரைக் கலந்து, உள்ளூர் மீனவரின் தொழில் நலனைக் காக்கப் போதிய நடவடிக்கை எடுத்த பிறகே எல்லை வகுக்க வேண்டும் என்று வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 26ஏ பிரிவு சொல்கிறது. ஆகவே கடற்கரைக்காரர் எழுதும்போது புல எண்ணுக்குப் பதில் தீவின் பெயர், எத்தனை பாகம், எந்தப் பருவம், எந்த வலை என்று எழுத வேண்டும். பாசி எடுக்கும் பெண்கள் எந்தத் தீவின் எந்தப் பக்கத்தில் இறங்குகிறார்கள் என்பது எந்த வரைபடத்திலும் கிடையாது. அதை அவர்களே சொன்னால்தான் உண்டு.

14 ஜூலை 2024

முதல் கேள்வியைக் கேட்டவர் தாம் எழுதிய ஆட்சேபணையைப் படிக்கக் கொடுத்திருந்தார். சடங்கு என்று சொன்னவர் அட்டவணையிலேயே மூன்று புள்ளிகளைப் பிடித்திருக்கிறார். சில மாற்றங்களை மட்டும் சொல்கிறேன். முதல் பத்தியில் உள்ள வரலாறு தேவையில்லை. அறிவிக்கையின் எண்ணையும் நாளையும் முதல் வரியிலேயே எழுதுங்கள். அது இல்லாத கடிதம் எந்தக் கோப்பில் சேர்வது என்று தெரியாமல் சுற்றும். ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னிணைப்பின் எண்ணையும் வரிசை எண்ணையும் குறிப்பிட்டு, "இப்படி இருக்கிறது, இப்படி இருக்க வேண்டும்" என்று எதிரெதிரே எழுதுங்கள். குவாரியைப் பற்றிய உங்கள் பத்தியை நீக்கச் சொல்லிப் பலர் வற்புறுத்துவார்கள். நீக்க வேண்டாம். ஆட்சேபணை என்றால் எதிர்ப்பது மட்டும்தான் என்று சட்டத்தில் இல்லை. தடையை இன்னும் கடுமையாக்கச் சொல்லியும் எழுதலாம்.

அறிவிக்கையில் கொடுத்துள்ள மின்னஞ்சலுக்கும் அனுப்புங்கள், விரைவுத் தபாலிலும் அனுப்புங்கள். தபால் தில்லிக்குப் போகும் நாட்களையும் 60க்குள் கணக்கிட வேண்டும்.

20 ஜூலை 2024

இறுதி அறிவிக்கை வந்த பிறகு என்ன என்று ஒரே ஒருவர்தான் கேட்டார், அதனால் சுருக்கமாக. இரண்டு ஆண்டுகளுக்குள் மண்டலத்துக்கான பெருந்திட்டத்தை உள்ளூர் மக்களைக் கலந்து மாநில அரசு தயாரிக்க வேண்டும் என்று பெரும்பாலான அறிவிக்கைகளில் நிபந்தனை இருக்கும். கண்காணிப்புக் குழுவும் அதிலேயே அமைக்கப்படும். தலைவர் பெரும்பாலும் மாவட்ட ஆட்சியர். அந்தக் குழு கூடியதா, கூட்ட நடவடிக்கைக் குறிப்பு எங்கே என்று ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஒரு மனு போட்டுக் கேட்கலாம். நாங்கள் கேட்டபோது, குழுவின் உறுப்பினர் பட்டியலில் ஓர் இடம் இன்னும் நிரப்பப்படவில்லை என்று தெரிந்தது. ஊரிலிருந்து ஒருவர் பெயரைக் கொடுத்திருக்கிறோம், ஊற்றைப் பற்றிச் சொன்ன அந்தப் பெண்களில் ஒருவரை. பதில் வந்ததும் எழுதுகிறேன்.